பூரண சுகம்

நான்காம் வார்த்தைக்கான பாட்டின் கடைசி அடியை முடித்து ஹெப்சிபா ஆர்கன் கட்டைகளிலிருந்து கையை எடுத்தபோது, வயிற்றின் இடப்பக்கம் அடியில், தூக்கத்தில் புரண்டு படுக்கும் ஆளைப்போல ஏதோ ஒன்று அசைந்தது. அசைந்து, அடங்கிவிட்டது. ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே காது இரண்டும் வயிற்றுக்குப் போய் ஒட்டிக்கொண்டன. பெரிய வெள்ளி. மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று மணிவரை போகிற ஆராதனை. சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாட்டு. மற்ற நாட்களில் கிருபாபுரம் கோயிலில் கல்லூரிப் பிள்ளைகள் கீபோர்டு வாசிப்பார்கள், டிரம்ஸ்கூட உண்டு. துக்கத்தின் நாளுக்கு அதெல்லாம் ஆகாது, வெள்ளைக்காரன் காலத்து மிதி ஆர்கன்தான் வேண்டும். இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துக் காற்றேற்றிக்கொண்டே கையால் வாசிக்கிற அந்த வித்தை ஊரில் இப்போது ஹெப்சிபா டீச்சர் ஒருத்திக்குத்தான் வரும். வாசிப்பதில் ஒன்றுமில்லை, மிதிப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு மிதிக்கும் அடிவயிறு இழுத்துக்கொள்ளும். உள்ளே புண்ணாய்க் கிடக்கிற பெருங்குடலை அது மெல்ல மெல்ல எழுப்பிவிடும், குழந்தை தூங்குகிற வீட்டில் உரல் இடிப்பதுபோல. போதாததற்கு வெள்ளைச் சேலை. பெரிய வெள்ளிக்குப் பெண்கள் எல்லோரும் வெள்ளைதான். காலையில் சேலை மடிப்பைச் சரிசெய்யும்போது அவள் கணவர் தவராஜ் வாசற்படியில் நின்று, "அடியில ரெண்டு பாவாடை கட்டிக்கிட்டியா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாத வீட்டிலும் அந்தக் கேள்வியைத் தாழ்த்தித்தான் கேட்க முடிகிறது.

ஐந்தாம் வார்த்தைக்குத் தானியேல் சார் எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேச ஆரம்பித்தால் மணியடித்தாலும் வகுப்பை விடாதவர். ஹெப்சிபாவுக்கு இனி அவர் முடிக்கும்வரை வேலை இல்லை. ஆர்கன் பலகையின் மேல் சிறிய கண்ணாடி ஒன்று பொருத்தியிருக்கும், சபைக்கு முதுகு காட்டி உட்காருகிறவருக்குக் குருவானவரின் கையசைவு தெரிவதற்காக. அதில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் ஆண்கள் பக்கம் தெரியும், இன்னும் சாய்ந்தால் பெண்கள் பக்கத்து முதல் வரிசை. எல்லா முகங்களும் வாடிக் கிடந்தன. எல்லோரும் உபவாசம். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத வாய்கள், காய்ந்த உதடுகளை நாக்கால் தடவிக்கொள்கிற ஆண்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்காமல் போனதற்கு வருந்துகிற பெண்கள். ஹெப்சிபாவும் சாப்பிடவில்லை. ஆனால் அவள் வெளியே போகிற எந்த நாளிலும் சாப்பிடுவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், பள்ளிக்கூடச் சுற்றுலாவில், கொழுந்தன் மகள் பூப்புனித நீராட்டில், எங்கே போனாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். "என்ன டீச்சர், ஒண்ணும் சாப்பிடலியே", "டயட்டா?", "சோறு பிடிக்கலையோ எங்க வீட்டுல?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் ஊரே அவளைப்போலப் பட்டினி கிடக்கிறது. நினைத்ததும் அவளுக்குள் ஏதோ இளகியது. இதை அந்தக் குழுவில் சொல்லலாமே என்று தோன்றியது, உடனே சீ, பெரிய வெள்ளியும் அதுவுமாக என்று வெட்கமாகவும் இருந்தது.

குழு என்பது வாட்ஸப்பில். மதுரையில் அவள் பார்க்கிற குடல் டாக்டரிடம் ஆலோசகராக இருக்கிற நிலோஃபர் என்ற பெண் தொடங்கியது, அதே நோயுள்ளவர்கள் மட்டும். யாரோ விளையாட்டாகக் குடல் குடும்பம் என்று பேர் வைக்க, அது அப்படியே நின்றுவிட்டது. தினமும் நன்றி சொல்ல ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் குரலில் பதிவுசெய்து போட வேண்டும். "அக்கா, இது நோயைக் குணமாக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் நிலோஃபர். "நோயோட இருக்கிற நாளைக் கொஞ்சம் லேசாக்கும், சில பேருக்கு. செஞ்சு பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க." நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிற சம்பத் என்பவர் தினம் தவறாமல் போடுவார். 'இன்னைக்குக் கரூர் வரைக்கும் எங்கயும் வண்டியை ஓரங்கட்டலைங்க, அதுக்கு நன்றிங்க' என்று பின்னால் இன்ஜின் சத்தத்தோடு வரும். ஒரு நாள், 'இன்னைக்கு ஓரங்கட்ட வேண்டியதாயிடுச்சு, ஆனா நல்ல சோளக்காடுங்க, ஆளுயரத்துக்கு, அதுக்கு நன்றிங்க' என்றார். ஹெப்சிபா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தாள், திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஆனால் அவள் ஒன்றும் போட்டதில்லை. கட்டைவிரல் படம் மட்டும் போடுவாள். நன்றி சொல்லத் தெரியாமலா? பிறந்ததிலிருந்து வேறென்ன சொல்லியிருக்கிறாள்? கண் விழித்தால் ஸ்தோத்திரம், சாப்பிட்டால் ஸ்தோத்திரம், தும்மினால்கூட ஸ்தோத்திரம். அம்மா அவளைச் சின்ன வயதில் முழங்காலில் வைத்து வரிசையாகச் சொல்லவைப்பாள், கண்ணுக்காக ஸ்தோத்திரம், காதுக்காக ஸ்தோத்திரம், கைகாலுக்காக ஸ்தோத்திரம். குடலுக்காக என்று அம்மா ஒருநாளும் சொல்லவைக்கவில்லை. சொல்லவைத்திருந்தால்? அந்த வார்த்தை தேய்ந்துபோய்விட்டது, அதனால்தான் வரமாட்டேன் என்கிறது. இல்லை, அதனால் இல்லை. எதனால் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போக வேண்டாம். தானியேல் சார் பேசுகிறார், அதைக் கேள்.

ஐந்தாம் வார்த்தை 'தாகமாயிருக்கிறேன்', தானியேல் சார் தாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாலஸ்தீனத்து வெயில், இரத்தம் வடிந்த உடம்பு, காய்ந்த நாக்கு. சொல்லச் சொல்ல அவருக்கே நாக்கு காய்ந்து, பிரசங்க பீடத்தில் வைத்திருந்த தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். கண்ணாடியில் ஆண்கள் பக்கம் ஒரு முழு வரிசையின் தொண்டைக்குழி அவரோடு சேர்ந்து ஏறி இறங்கியது. இரத்தம் வடிந்த உடம்பு. ஹெப்சிபாவுக்கு முதல்முதலாக இரத்தம் போனது பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்துகிற முகாமில். மூலமாக இருக்கும் என்றார்கள், சூடு என்றார்கள், கருணைக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார்கள். பிறகு மதுரை, குழாய்விட்டுப் பார்த்தது, கலர் படத்தில் தன் குடலையே பார்த்தது, சிவந்து, மழையில் ஊறின செம்மண் சுவர்போல அங்கங்கே உதிர்ந்து. மாத்திரைகளில் இரத்தம் நின்றது. நின்றதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். தவராஜின் அக்கா ரத்னபாய்க்குத்தான் அதிலும் அதிகம். ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஹெப்சிபாவுக்காக உண்மையாகவே உபவாசம் இருந்து ஜெபித்தவள், அதில் பொய் சொல்லக்கூடாது. அந்த வருஷத்து அறுப்புப் பண்டிகையில் சபை முன்னால் எழுந்து, சுகம் கிடைத்ததைச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். "மைனி, டாக்டரு இது வந்து வந்து போகும்னுதான் சொல்லியிருக்காரு" என்றாள் ஹெப்சிபா. "டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு. நீ விசுவாசமாச் சொல்லு. சும்மா சுகம்னு சொல்லாத, பூரண சுகம்னு சொல்லு." சொன்னாள். இதே கோயிலில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, கையில் ஒலிவாங்கியோடு, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார் என்று சொன்னாள். சபை முழுக்க ஆமென் என்றது. அந்த நிமிஷம் அவளும் அதை நம்பினாள், அதுதான் விசேஷம். தை மாதத்துப் பனங்கிழங்கு வரத்து முடியுமுன்னே மறுபடி இரத்தம் போனது.

யாரிடம் போய்ச் சொல்ல? கொடுத்த சாட்சியைத் திருப்பி வாங்க முடியுமா? அவள் சொன்னது அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பக்கத்து ஊர்க் கூட்டத்தில் ரத்னபாய் அதை எடுத்துச் சொன்னாள், பெரியாஸ்பத்திரியில் கிடந்த ஒருத்திக்கு அதைச் சொல்லி ஜெபித்தார்கள். ஆகவே ஹெப்சிபா மறைத்தாள். ஸ்டீராய்டு மாத்திரையில் கன்னம் உப்பியபோது, "பூசினாப்புல இருக்கீங்க டீச்சர், சுகம் வந்ததும் சதை போட்டுட்டு" என்றார்கள், சிரித்தாள். மதுரைக்குப் போகும்போதெல்லாம் தங்கை வீடு என்றாள். கோயிலில் பெண்கள் எழுந்து நன்றி சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றி என்ற வார்த்தையைக் கேட்டாலே யாரோ சாவியைத் திருப்பிப் பூட்டுகிற சத்தம் கேட்டது. இந்த விஷயத்தை நிலோஃபரிடம் மட்டும்தான் சொன்னாள், அழுகையும் கோபமுமாக. "அப்போ அது நன்றி இல்லைக்கா, உங்ககிட்ட கேட்டு வாங்கின ரசீது" என்றாள் நிலோஃபர். பிறகு தான் அப்படிச் சொன்னது தப்போ என்று மன்னிப்பும் கேட்டாள். இல்லை, ரசீது என்பதும் சரியில்லை, ஹெப்சிபாவுக்கு ரத்னபாய் மைனியின் முட்டிகள் ஞாபகம் வந்தன, சிமெண்டுத் தரையில் முழங்கால்போட்டுக் காய்த்துப்போன முட்டிகள். அந்த முட்டிகளுக்கு நன்றி சொல்லலாம், சுகத்துக்குச் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்தச் சபையில் இடம் இருக்கிறது? தானியேல் சார் ஆமென் சொல்லிவிட்டார். மிதி, மிதி. ஐந்தாம் வார்த்தைக்கான பாட்டு நான்கு சரணம், நல்லவேளை மெதுவான மெட்டு. முதல் சரணத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வயிற்றுக்குள் தூங்குகிற ஆள் விழித்துக்கொண்டார். மூன்றாவதில் எழுந்து உட்கார்ந்தார். நான்காவதில் அவள் வலக்கையால் மட்டும் வாசித்து, மிதியைக் குறைத்து, மூச்சை வாயால் விட்டு, முடித்தாள்.

ஆறாம் வார்த்தைக்கு டவுனிலிருந்து வந்திருந்த இளம் போதகர் எழுந்தார். எல்லாம் முடிந்தது என்கிற வார்த்தை. ஒரு வேலையை முழுமையாக முடித்தவரின் நிம்மதியான பெருமூச்சு அது என்று தொடங்கினார். ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இந்த நோயின் குணமே அதுதான், போய்விட்டு வந்தாலும் இன்னும் இருப்பதுபோலவே இருக்கும், எழுந்து வந்து புடவையைச் சரிசெய்வதற்குள் மறுபடி கூப்பிடும். இதைப்போய் இந்த இடத்தில் நினைக்கிறாயே என்று மனசு அதட்டியது. நினைத்தால் என்ன, சிலுவையில் தொங்குகிறவருக்கும் உடம்புதானே இருந்தது, என்று மனசின் இன்னொரு மூலை சாவகாசமாகப் பதில் சொன்னது. அதைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வலி ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி விட்டது. நெற்றியில் வேர்வை. பக்கவாசல் வலப்புறம் இருக்கிறது, அங்கே போக முதல் வரிசை முழுவதையும் கடக்க வேண்டும், ரத்னபாய் மைனியின் முழங்காலை உரசிக்கொண்டு. போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூரண சுகம் எழுந்து கக்கூஸுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். போகாவிட்டால்? வெள்ளைச் சேலை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டு வரும்போது மிதிக்க வேண்டும். மிதித்தால் எல்லாம் முடிந்தது. இந்த நினைப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வலிக்கு நடுவில், உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனால் தெரியும், போகாவிட்டால் அதைவிடத் தெரியும். எவ்வளவு சுற்றினாலும் மனசு வந்து நிற்கிற முட்டுச்சந்து இதுதான், இத்தனை மாதமாக இங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. கண்ணாடியில் தவராஜ் தெரிந்தார். அவர் பிரசங்கியாரைப் பார்க்கவில்லை, ஆர்கன் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ. கண்கள் சந்தித்ததும் அவர் தலையை லேசாக, மிக லேசாக, பக்கவாசல் பக்கம் சாய்த்தார். போ.

அவள் எழுந்தாள். பெஞ்சு கிறீச்சிட்டது. முதல் வரிசை நிமிர்ந்தது. "எங்கட்டி போற? பாட்டு வரப்போவுது" என்று ரத்னபாய் கிசுகிசுத்தாள். "வயித்துக்கு முடியல மைனி." "இந்நேரமா? கொஞ்சம் பொறுத்துக்கிட..." "பொறுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் காரியம் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, தேரி மணல்காட்டுக் காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வெள்ளைச் சேலையில் போட்டது, போடட்டும். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கழிவறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வாளியில் தண்ணீர் இருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகு உலகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலி அலையாக வந்து, உடைந்து, நுரையாகப் பின்வாங்கியது. கொஞ்சம் இரத்தம், பயப்படுகிற அளவுக்கு இல்லை. சுவரில் ஒரு பல்லி அவளைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் அங்கேயே இருந்துகொண்டது. கோயில் ஒலிபெருக்கியில் இளம் போதகர் ஆமென் சொல்வது கேட்டது. பாட்டு அறிவிப்பு கேட்டது. அப்புறம் மௌனம். அந்த மௌனம் தனக்கானது என்று அவளுக்குத் தெரிந்தது, காலி ஆர்கன் பெஞ்சைச் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். மௌனம் நீண்டது. யாரோ இருமினார்கள். பிறகு ரத்னபாய் மைனி தொடங்கினாள். எப்போதும்போல எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டாள். சபை பாவம், பனையேறத் தெரியாதவர்கள் பாதி மரத்தில் நிற்பதுபோல மேல் சுரத்துக்கு வரும் இடத்தில் திணறி, ஒவ்வொருவராக வழுக்கி, கடைசியில் மைனியின் குரல் மட்டும் உச்சியில் தனியாக நடுங்கி, நின்றது. ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு ஆண்குரல், கட்டையாக, கொஞ்சம் சுருதி பிசகி, தாழ்வாக எடுத்தது. தவராஜ். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிற தவராஜ். அந்தத் தாழ்ந்த சுருதியில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், தயங்கி, பின்னியும் பிரிந்தும், ஆண்கள் ஒரு எட்டுப் பின்னால், கிழவிகள் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு. பாட்டு சரணத்துக்குச் சரணம் சுருதி இறங்கியது, வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் இத்தனை வருஷமாக அவர்களைத் தூக்கிச் சுமப்பதாக நினைத்துக்கொண்டு மிதித்த பாட்டு அவள் இல்லாமலே நடந்துபோய்க்கொண்டிருந்தது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு. பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வெளியே வந்துவிட்டது. சிரித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. பல்லி ஓடிப்போயிற்று. யாருக்கு என்ன நன்றி சொல்ல வேண்டும் என்று ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாமலிருந்ததே நிறைவாக இருந்தது.

கைகாலைக் கழுவிக்கொண்டு வந்தபோது பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை. பக்கவாசலுக்குப் போகாமல் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். கடைசி வரிசை கைக்குழந்தைக்காரிகளின் இடம், தான் அங்கே உட்கார்ந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. ஓரத்தில் இருந்த மேலத்தெருப் பெண் ஒருத்தி, தோளில் தூங்குகிற குழந்தையோடு, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன டீச்சர், வயிறு சரியில்லையா? ஒங்களுக்குத்தான் எல்லாம் சுகமாயிட்டுன்னு..." குரலில் குத்தல் இல்லை, கேள்விதான். முன்வரிசையில் ரத்னபாய் மைனி பாடிக்கொண்டே திரும்பித் திரும்பி வாசலைப் பார்ப்பது தெரிந்தது, அந்த முகத்தில் கோபம் இல்லை, கவலை. "சுகமாகலம்மா" என்றாள் ஹெப்சிபா. "அப்பப்ப வரும், அப்பப்ப போகும். இப்ப வந்திருக்கு." வாயைவிட்டு வெளியே வந்த பிறகு அது எவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது. அந்தப் பெண் "அப்பிடியா" என்றாள். ஐயோ என்று சொல்லவில்லை, ஜெபிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, ஜன்னல் காத்து நல்லா வரும்" என்று குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றி இடம்விட்டாள். ஹெப்சிபா உட்கார்ந்தாள். காற்று வந்தது. ஏழாம் வார்த்தைக்கு ஆர்கனுக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வயிறு சொல்லட்டும். கடைசிச் சரணம் தொடங்கியது. சுருதி எங்கேயோ பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. வாசிக்கிறவளுக்குப் பாட நேரம் ஏது, இந்தப் பாட்டை அவள் வாய் திறந்து பாடி எத்தனையோ காலமாகிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர்கள் இருந்த இடத்துக்கு இறங்கிப் போய், சேர்ந்துகொண்டாள்.